சிறுநீரகமும் மும்பைத் தமிழரும்

1975ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். சண்டிகரில் காவலில் வைக்கப்பட்டிருந்த லோகநாயகர் ஜெயப்பிரகாஷ் நாராயணர், உடல் மிகவும் நலிந்த நிலையில் விடுவிக்கப்பட்டு, நமது நகரின் பெடர் சாலையிலுள்ள ஜஸ்லோக் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்பது தெரிந்தது. அங்கே அவரைக் கவனித்த சிறுநீரக நிபுணர், பின்னாளில் சென்னைக்குப் பெயர்ந்து பெரும்புகழ் பெற்ற டாக்டர் எம்.கே. மணி. அன்று தொடங்கி, 1979 அக்டோபர் 8ஆம் நாள் பாட்னாவில் காலமாகும் வரை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஜெ.பி. அவர்கள் ‘டயாலிசிஸ்’ என்னும் இரத்தச் சுத்திகரிப்பைக் கொண்டே உயிர் வாழ்ந்தார். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடெங்கும் மக்களைத் திரட்டிய அந்தக் குரல், இயந்திரத்தின் துணையால் நடமாடிய ஒரு முதியவரின் குரல் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? அவர் இந்நகரில் சிகிச்சையில் இருக்கும்போதே, 1979 மார்ச்சில், அவர் இறந்துவிட்டார் என்று பிரதமரே மக்களவையில் அறிவித்து, பிறகு வருந்த நேர்ந்ததும் நடந்தது. சிறுநீரக நோயாளி என்றாலே போய்ச் சேர்ந்தவர் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் நம் வீடுகளில் மட்டும் உள்ளதன்று போலும்!

‘டயாலிசிஸ்’ என்னும் சொல் அக்காலத்தில்தான் நம்மில் பலருடைய செவிகளில் முதன்முதலாக விழுந்தது. இன்றோ, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் அச்சொல்லை அறியாத தெருவே இல்லை என்று சொல்லலாம். ஏதேனும் ஒரு வீட்டில், கையில் தையல் வடுவும் முகத்தில் சோர்வுமாக ஒருவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

எங்கள் பகுதியில் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் பிராயத்தில் வந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, அடுப்பெதிரே வியர்க்க வியர்க்க நின்று இட்டிலி அவித்து, பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விற்று, மூன்று பெண்களைக் கரையேற்றியவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முழங்கால் வலி வந்தது. மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வலி போயிற்று. மறுநாளும் வாங்கினார். இப்படியே ஆறேழு ஆண்டுகள், காலையில் தேநீர் குடிப்பதுபோல அந்த மாத்திரையையும் விழுங்கி வந்தார். இரத்த அழுத்தத்தை ஒருநாளேனும் அளந்து பார்த்ததில்லை. கால் வீங்கியபோது, நெடுநேரம் நிற்பதால் வந்த வீக்கம் என்று எண்ணினார். சோறு வேண்டாம் என்று மனம் வெறுத்தபோது, பித்தம் என்று சீரகத் தண்ணீர் குடித்தார். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் இரத்தத்தைச் சோதித்தனர். ‘கிரியாட்டினின்’ என்னும் கழிவுப் பொருள் ஒன்றுக்கு மேல் சற்று இருக்கலாம். அவருக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது.

“ஒரு நாள்கூடப் படுத்தவன் இல்லையே தம்பி, எனக்கு எப்படி வந்தது?” என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், இந்த உறுப்பின் இயல்பைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

இறைச்சிக் கடையில் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா? அதுவே சிறுநீரகம். மனிதருக்கு முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதை வடிவில் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. எடை 150 கிராம் அளவே. ஆனால் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். அவை ஒரு நாளில் வடித்தெடுக்கும் நீர் சுமார் 180 லிட்டர்! அவ்வளவும் வெளியேறினால் மனிதன் ஒரு மணி நேரத்தில் வற்றிவிடுவான். ஆகவே வடித்ததில் பெரும்பகுதியை, சர்க்கரையையும் உப்பையும் நீரையும் வேண்டிய அளவுக்குத் திரும்ப உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டுமே சிறுநீராக வெளியே விடுகின்றன. நம் இல்லத்தரசிகள் அரிசியைக் களைவது போன்றதன்று இது. மூட்டை முழுவதையும் முற்றத்தில் கொட்டி, நல்ல மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய தூசியைப் பெருக்கித் தள்ளுவது போன்றது.

இதோடு வேலை முடியவில்லை. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், எலும்பு மச்சையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்கச் செய்வதும், வெயிலில் கிடைக்கும் ‘டி’ வைட்டமினை உடல் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றுவதும் சிறுநீரகமே. அதனால்தான் அது பழுதானவருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, முகம் வெளுக்கிறது, எலும்பு வலிக்கிறது. நோயாளி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வைத்தியரைத் தேடி அலைகிறார்.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் உறுப்பு, தான் கெட்டுப்போவதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வடிகட்டிகளில் பாதி அழியும் வரை கிரியாட்டினின் அளவுகூடப் பெரும்பாலும் ஏறிக் காட்டாது. மீதமுள்ளவை கூடுதல் சுமையைத் தாங்கி உழைக்கின்றன. உழைத்து உழைத்து அவையும் தேய்கின்றன. வலி கிடையாது. அடிமுதுகில் சுருக்கென்று குத்தும் வலி கல்லினால் வருவது; அதுவும் ஒரு வகையில் நல்லதே, ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கிறதே! நாட்பட்ட சிறுநீரக நோய் அப்படி எச்சரிப்பதில்லை. சிறுநீரில் அடங்காத நுரை, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போக நேர்வது, காலையில் கண்ணிமை வீங்கியிருப்பது, மாலையில் செருப்பு இறுகுவது, காரணமில்லாத அரிப்பு, உணவில் வெறுப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நாள் கடத்தாமல் சோதிக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காலையில் முகம் உப்பியிருந்தால் அதையும் அலட்சியம் செய்யலாகாது. அவர்களுக்கு வரும் அவ்வகை நோயில் பெரும்பாலானவை மருந்துக்குக் கட்டுப்படுபவை.

காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்கு. இரண்டாவது இரத்த அழுத்தம். ஜெ.பி. அவர்களும் நீரிழிவுக்காரரே. சர்க்கரை மிகுந்த இரத்தம் ஆண்டுக்கணக்கில் ஓடும்போது அந்த நுண்ணிய வடிகட்டிகளின் சல்லடை கிழிகிறது. இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. நுரை என்றேனே, அது இதுதான்.

மூன்றாவதாக, அண்ணாச்சியின் மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் முதலிய வலி மாத்திரைகள் வீக்கத்தைத் தணிக்கும் அதே செயலால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைத்துவிடுகின்றன. ஒரு நாள், இரு நாள் கேடில்லை. உடலில் நீர் குறைந்து, அழுத்தமும் மிகுந்து இருப்பவர் தினந்தோறும் விழுங்கினால் கேடு. அடுப்பனலில் நிற்பவர், பட்டறையிலும் சலவைக் கூடத்திலும் வேலை செய்பவர், கட்டட வேலைக்குப் போகும் சகோதரிகள் ஆகிய எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வெப்பத்தில் வியர்த்து, போதிய நீரருந்தாது உழைப்பதே சிறுநீரகத்தை நலிவிக்கிறது என்று மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வும் அந்தத் திசையையே காட்டுகிறது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் அநுராதபுரத்தைச் சூழ்ந்த வட மத்திய மாகாணத்திலும், நீரிழிவும் இல்லாமல் அழுத்தமும் இல்லாமல் உழவர்கள் பல்லாயிரவர் இந்நோய்க்கு இரையாகி வருகின்றனர். அங்கே காரணம் இன்னும் முழுவதுமாக விளங்கியபாடில்லை.

நீரருந்துவது பற்றிச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சபை நாகரிகம் பார்த்து மறைக்கக்கூடிய செய்தியன்று. தாராவியில் பொதுக் கழிப்பிடத்தை நம்பி வாழும் நம் பெண்மக்கள், வரிசைக்கும் இருட்டுக்கும் அஞ்சிப் பொழுதெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகின்றனர்; வந்த சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்கின்றனர். கிருமித் தொற்றுக்கும் கல்லுக்கும் இது வழி. தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கினால் குளிர் காய்ச்சலும் விலாவில் வலியும் காணும். ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்று அவர்களுக்கு உபதேசம் செய்வது எளிது. கழிப்பிடத்தைத் திறந்தும் தூய்மையாகவும் விளக்கெரியவும் வைக்கச் சொல்லி வார்டு அலுவலகத்துக்குக் கூட்டாக மனுக் கொடுப்பது அதைவிடப் பயனுள்ள வைத்தியம்.

மாதுங்கா அன்பர்களையும் விட்டுவிடலாகாது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் என்று இலையின் மேற்புறம் முழுவதும் உப்பே அணிவகுத்து நிற்கிறது. தாராவியில் கருவாடு அந்த வேலையைச் செய்கிறது. போதாக்குறைக்கு வடாபாவும் ஃபர்சாணும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. நாம் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உண்கிறோம். இதற்கு மாற்றாகக் கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ எல்லோருக்கும் ஏற்றதன்று. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்ந்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானவரின் உடல் அதை வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயம் திடீரென்று நின்றுபோகும்.

அதே காரணத்தால், நோயாளியைப் பார்க்கச் செல்வோர் அன்போடு வாங்கிப்போகும் இளநீரும் விஷமாகக்கூடும். சிறுநீரகத்துக்கு நல்லது என்று வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சாறு, பழச்சாறு என்று படி படியாகப் புகட்டுவதும் அவ்வாறே. நலமாக இருப்பவருக்கு நல்லதெல்லாம், நோய் முற்றியவருக்கு நல்லதன்று. சந்தையில் கமரக் என்று விற்கும் ஐந்து விளிம்புப் பழத்தை அவர்கள் வாயிலும் வைக்கலாகாது. அது மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்து விளைவித்ததுண்டு.

நாட்டு மருந்தைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்பதை அறிவேன். சித்த வைத்தியத்தின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் மூலிகை என்பதாலேயே கேடில்லை என்பது பிழை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென்று மூலிகைத் தூள் உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது. அதில் கலந்திருந்தது ‘அரிஸ்டலோக்கியா’ இனத்துச் செடி. நம் ஊர்ப்புறத்து ஆடுதின்னாப்பாளையும் அதே இனம். ஆடே தின்னாத செடி என்று முன்னோர் பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கின்றனர்! பாதரசம் கலந்த பற்பங்களும், நிறம் வெளுக்கப் பூசும் களிம்புகளும் அவ்வாறே. 2023ஆம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய் கண்டதை மருத்துவர்கள் வெளியிட்டனர்.

இனி, பழுதான பின் என்ன வழி? இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே மனிதன் நேற்றுக் கண்டுபிடித்தவை.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் வசம் இருந்த ஹாலந்து நாட்டில், கம்பென் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், மாமிசம் அடைக்கும் செலஃபேன் உறையை ஓர் உருளையில் சுற்றி, நோயாளியின் இரத்தத்தை அதனுள் ஓடவிட்டு, உப்பு நீர்த் தொட்டியில் சுழலவைத்தார். 1943இல் தொடங்கிய அவர் முயற்சியில் முதல் நோயாளிகள் அநேகமாக எல்லோரும் இறந்தனர். அவர் விடவில்லை. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். இன்று நம் நகரில் சுழலும் ஒவ்வோர் இயந்திரமும் அந்த உருளையின் வாரிசு. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே சென்று தூய்மையாகித் திரும்புகிறது. இதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பர். அந்தக் கையில் ஊசி போடவோ அழுத்தம் பார்க்கவோ பளு தூக்கவோ கூடாது என்பதை வீட்டார் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வயிற்றறையில் நீரைச் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு. ஆனால் ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் தொற்று வராமல் அதைச் செய்வது பெரும்பாடு.

மற்றது மாற்றுச் சிறுநீரகம். 1954இல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் மரே, இரட்டையர் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இந்தியாவில் முதல் முயற்சி நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1965இல் நடந்தது. நோயாளி நெடுநாள் வாழவில்லை. உயிரோடிருக்கும் உறவினரிடம் பெற்றுப் பொருத்தி முதன்முதலாக வெற்றி கண்டது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி, 1971இல்.

வெற்றியின் பின்னே வியாபாரமும் வந்தது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்றே பெயர் ஏற்பட்ட அவமானத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைத் தடை செய்தது. அதற்குப் பிறகும், 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ச்சியாளர் சந்தித்தனர். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது; பெரும்பாலோருக்குக் கடன் அப்படியே நின்றது; உடல் நலம் குன்றியது என்றோர் நூற்றுக்கு 80க்கும் மேல். தரகன் எவனேனும் நம் சால்களுக்குள் வந்து தேன் ஒழுகப் பேசினால், இந்தக் கணக்கை அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர் கொடுக்கலாம். வேறொருவர் அன்பினால் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். மூளைச் சாவு அடைந்தோரிடமிருந்து பெறுவதற்கு மும்பையில் 2000ஆம் ஆண்டு முதல் வட்டார ஒருங்கிணைப்பு மையம் பதிவு வரிசையை நடத்தி வருகிறது. ஒன்றை மட்டும் மனம் பொறாமல் குறிப்பிடுகிறேன். கொடுப்போரில் பெரும்பாலோர் தாய்மாரும் மனைவியருமே. பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவிக்குப் பழுதானால், ‘உழைக்கும் உடம்பு’ என்று சொல்லி ஆண்கள் ஒதுங்கிக்கொள்கின்றனர். இட்டிலிக்கு மாவாட்டுவது யாருடைய உடம்பு?

செலவைப் பற்றி: பிரதமர் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016 முதல் உண்டு. மகாராஷ்டிரத்தில் மகாத்மா ஜோதிபா புலே திட்டத்தின் கீழ்ச் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ‘ஆரோக்கிய மித்ரா’ என்னும் உதவியாளர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கும் காகிதங்களில் ரேஷன் கார்டு முக்கியமானது. நம்மில் பலர் அதை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருப்பதால் ஆபத்து வேளையில் அல்லாடுகின்றனர். நோய் வருமுன்பே இதைச் சரிசெய்து வையுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் இயந்திரம் வாங்கித் தர எந்த அரசாலும் இயலாது என்பதை முதலில் துணிந்து சொன்னவர்களில் ஒருவர், ஜெ.பி.யைக் கவனித்த அதே டாக்டர் மணி. சென்னைக்குச் சென்ற பின், கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் மூலம், சென்னைக்கு அருகேயுள்ள சிற்றூர்களில் 25,000 மக்களைச் சூழ்ந்து ஒரு காரியம் செய்தார். அவ்வூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் ஒரு துளி மருந்து விட்டுப் புரதம், சர்க்கரை பார்த்தல். கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்தல். நோய் கண்டவர்க்கு மிக மலிவான பழைய மாத்திரைகளையே தவறாமல் கொடுத்தல். தலைக்கு ஆண்டொன்றுக்குக் கால் டாலர் அளவே செலவு. இயந்திரத்தில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்கும் பணத்தில் ஓர் ஊரையே காத்துவிடலாம் என்று காட்டினார். தமிழக அரசும் 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. புரதம் ஒழுகுவதைத் தணிக்கும் அழுத்த மாத்திரைகள் நெடுநாளாக உண்டு. நீரிழிவுக்கென்று வந்த டாபகிளிஃப்ளோசின் போன்ற புது மருந்துகளும் சிறுநீரகத் தேய்வைத் தாமதப்படுத்துவது இப்போது உறுதியாகியுள்ளது. காப்புரிமை முடிந்த பின் அவற்றின் விலையும் எட்டும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. எதையும் மருத்துவர் சொல்லித்தான் உண்ண வேண்டும்.

அண்ணாச்சிக்கு அவர் மனைவி கொடுக்க முன்வந்தார். இரத்த வகை பொருந்தவில்லை. அவர் பெயர் வரிசையில் இருக்கிறது. வாரம் மும்முறை சயானுக்கு அருகில் ஓர் அறச்சாலையில் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். சென்ற ஆண்டு ஊரில் அம்மன் கோயில் கொடை. “இந்தக் கட்டில் என்னை ஊருக்கு விடாது” என்று கலங்கினார். ரயிலிலேயே ஒன்றரை நாளுக்கு மேல் ஆகிவிடுகிறதே! திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே எழுதி, சோதனைத் தாள்களை அனுப்பி, அங்கே இரண்டு தடவை சுத்திகரிப்புக்கு இடம் பிடித்தோம். போய் வந்தார்.

திரும்பி வந்த வாரம், அவர் தம் தம்பிமார் இருவரையும் மருமகன் ஒருவரையும் கையோடு இழுத்துக்கொண்டு பரிசோதனைச் சாலைக்கு வந்து நின்றார். “ஒரு குப்பியில் பிடித்துக் கொடுக்க வெட்கப்படுகிறான் தம்பி, நீங்களே சொல்லுங்கள்” என்றார் மருமகனைக் காட்டி. மூவரில் மருமகனுக்கும் மூத்த தம்பிக்கும் குறையொன்றும் இல்லை. இளையவருக்குச் சிறுநீரில் புரதம் இருந்தது. அழுத்தம் 160க்கு 100. வயது முப்பத்தெட்டு. கிரியாட்டினின் இன்னும் ஏறவில்லை. மாத்திரை தொடங்கியிருக்கிறது. இட்டிலிக் கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். அடுப்பருகே ஒரு தண்ணீர்க் குடத்தை அண்ணாச்சியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்.